செனர் முதல் செயின்ட் ஐவ்ஸ் வரை: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், செனர் என்ற சிற்றூரிலிருந்து செயின்ட் ஐவ்ஸ் வரை அண்மையில் தனியாக நடந்தேன். தூரம் 10 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் 1014 கிலோமீட்டர் நீளமுள்ள தென்மேற்குக் கடற்கரைப் பாதையில் மிகக் கடினமான பகுதிகளுள் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். அன்று எனக்குக் கைகொடுத்த ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்கும் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. அதற்காக நன்றியை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியுமா?

காலையில் பஸ் ஓட்டி வந்த அம்மையாருக்கு முதல் வணக்கம். செனரில் இறங்கும்போது, "தேவாலயத்தை ஒட்டிய பாதையில் கடலை நோக்கிப் போங்கள். ராத்திரி மழை பெய்தது, கல் வழுக்கும்" என்றீர்கள். அவ்வளவுதான். "தனியாகவா?" என்று நீங்கள் கேட்கவில்லை. உறவினர், அண்டை வீட்டார், அலுவலகத் தோழிகள் என்று எல்லோரிடமும் பதில் சொல்லி அலுத்துப்போன கேள்வி அது. அதைக் கேட்காமல், வழுக்கும் கல்லைப் பற்றிப் பேசியதற்கு நன்றி.

தேவாலயத்தினுள் பழைய மர இருக்கையில் செதுக்கிய கடற்கன்னியைப் பார்த்துவிட்டு முனைக்கு நடந்தேன். இந்தப் பாதையை முதலில் நடந்து தேய்த்தவர்கள் கடலோரக் காவலர்கள். கடத்தல்காரர்கள் ஒளிந்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்தாக வேண்டும் அவர்களுக்கு. அதனால் நேராகப் போக வேண்டிய இடத்திலும் பாதை கீழே இறங்கி மேலே ஏறுகிறது. என் முழங்கால் வலிக்குப் பொறுப்பு பழைய சாராயக் கடத்தல்காரர்கள்தான். அவர்களுக்கு நன்றி கிடையாது.

ட்ரெகெர்தன் தாண்டி, பெரிய பாறைகளைக் கையூன்றிக் கடக்கும் இடத்தில் என் வலது பூட்ஸ் வாய் பிளந்தது. முன்பாதி சோல் முழுவதுமாகப் பிய்ந்து தொங்கியது. எதிர்த் திசையிலிருந்து வந்த வயதான தம்பதியே, இந்த மடல் முக்கியமாக உங்களுக்குத்தான். ஐயா, உங்கள் ஊன்றுகோலில் சுற்றி வைத்திருந்த டேப்பை உரித்து, என் காலருகே மண்டியிட்டு நீங்களே பூட்ஸில் சுற்ற ஆரம்பித்தீர்கள். என் அப்பாவைவிட மூத்தவர் காலைத் தொடுவதா என்று கூசிக் காலை இழுத்துக்கொண்டேன். வலிக்கிறது என்று நினைத்து நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள்! அதை விளக்க எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை. அம்மா, நீங்கள் கொடுத்த இஞ்சி பிஸ்கட்டை மென்றபடி காலை நீட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்குப் பெரிது. "எங்களோடு திரும்பி வந்துவிடு" என்று சொல்லவில்லை. முன்னால் சேறு எங்கே, எந்த இறக்கத்தில் உட்கார்ந்து இறங்குவது நல்லது என்று சொன்னீர்கள். "போகிறாயா, திரும்புகிறாயா?" என்று கேட்டீர்கள். போகிறேன் என்றதும் தலையாட்டிவிட்டு உங்கள் வழியே நடந்தீர்கள். உதவி செய்தவர் முடிவையும் சேர்த்து எடுத்துக்கொள்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கேரக்ஸ் பாறைகளருகே தொலைநோக்கியைக் கொடுத்த இளைஞருக்கும் நன்றி. நீங்கள் காட்டியிராவிட்டால் அந்தச் சாம்பல் நிறக் கடல்நாய்களை (சீல்களை)ப் பாறை என்றே நினைத்துக் கடந்திருப்பேன்.

பாதையைப் பராமரிக்கும் ஊழியர்களே, தொண்டர்களே, உங்களை நான் பார்க்கவே இல்லை. ஆனால் பெரணிப் புதர் மார்பளவு வளர்ந்து நிற்க, நடுவே ஓர் ஆள் போகுமளவு வெட்டிய வழி இருந்தது. சேற்றில் பரப்பிய கற்கள் இல்லாவிட்டால் என் டேப் பூட்ஸ் அங்கேயே போயிருக்கும். குழம்பிய இடங்களில் ஓக் கொட்டைச் சின்னம் பொறித்த கம்பம் நின்றது. இப்பாதைக்கென்றே 1973 முதல் ஒரு சங்கம் இயங்குவதை வீடு திரும்பிய பிறகு அறிந்து, உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன்.

கடைசியாக, செயின்ட் ஐவ்ஸ் முனையிலுள்ள கடலோரக் கண்காணிப்பு நிலையத்துத் தொண்டருக்கு. ஆளில்லாமல் மூடப்பட்ட ஒரு கடலோரக் காவல் நிலையத்துக்குக் கீழேயே மீனவர்கள் மூழ்கி இறந்ததை அடுத்து, 1994-இல் தொடங்கிய அமைப்பு உங்களுடையது. சம்பளமில்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் எட்டிப் பார்த்ததும், "ஆரஞ்சுச் சட்டை நீங்கள்தானா? க்ளாட்ஜி முனையில் கொஞ்சம் நொண்டினீர்களே" என்றீர்கள். கவனித்திருக்கிறீர்கள்; ஆனால் விரட்டிப் பிடித்து விசாரிக்கவில்லை.

இதையெல்லாம் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். உங்கள் எல்லோருக்கும் அவர் நன்றி சொல்லச் சொன்னார். அடுத்த முறை துணைக்கு யாரையாவது அழைத்துப் போகும்படி எனக்கும் சொன்னார். முதல் செய்தியை மட்டும் இத்துடன் சேர்ப்பித்துவிட்டேன்.

நன்றியுடன்,
டேப் சுற்றிய பூட்ஸ்காரி