நம் ரசிகர் வட்டத்தின் ஆண்டறிக்கை (2023-24)

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

போன பொதுக்குழுவில் எடுத்த முடிவு நினைவிருக்கும். மும்பை மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு சென்னையின் டிசம்பர் சீசனை நினைத்து ஏங்கியது போதும், கூப்பிடு தூரத்தில் பிரபாதேவியில் கடைசிவரை வாழ்ந்த இந்துஸ்தானிப் பாடகி கிஷோரி அமோன்கரையும் அவருடைய அம்மாவும் குருவுமான பாடகி மோகுபாய் குர்டிகரையும் இந்த ஒரு வருடமாவது ஒழுங்காகக் கேட்போம் என்று தீர்மானித்தோம். மூன்று பேர் எதிர்த்தார்கள். அதில் இருவர் இப்போது முன்வரிசையை விட்டுக் கொடுப்பதில்லை. மூன்றாமவர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார், இதனால் அல்ல.

மாதக் கூட்டம் பத்து நடந்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மழை.

முதல் கூட்டத்தில் கிஷோரியின் பூப் ராகம் வைத்தோம். "மோகனம்தானே? சுரம் எப்போ பாடுவா?" என்று ஒரு மாமா அரை மணி நேரம் காத்திருந்தார். அவர்களுடைய ஜெய்ப்பூர்-அத்ரௌலி கரானாவில், அதாவது அந்தப் பாட்டுப் பரம்பரையில், பொதுவாக அந்த வழக்கம் இல்லை. தான் எனப்படும் வேகமான சுர ஓட்டங்களெல்லாம் 'ஆ' என்ற ஆகாரத்திலேயே ஓடும். அதே ஐந்து சுரங்களை வைத்துக்கொண்டு காந்தாரத்தைப் பிரதானமாக்கினால் பூப், தைவதத்தைப் பிரதானமாக்கினால் தேஷ்கார் என்று விளக்கியபோது மாமா சமாதானமானார். அடுத்த மாதம் அவரே தேஷ்கார் கேட்டார்.

எனக்குப் பிடித்தது செப்டம்பர் கூட்டம். மோகுபாய் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பாட்டின் முதல் பகுதியான ஸ்தாயியையும் அடுத்த பகுதியான அந்தராவையும் இரண்டே முறைதான் பாடிக் காட்டுவாராம், மூன்றாம் முறை கிடையாது. அதற்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். நாமும் பார்ப்போமே என்று ஒரு ஸ்தாயியை இரண்டு முறை ஒலிக்கவிட்டு நிறுத்தினேன். நாற்பது வருடமாகச் சங்கீதம் கேட்கிறவர்கள் எல்லாரும் விட்டத்தைப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி மட்டும் பாதிவரை பாடி, தாளத்தின் முதல் தட்டான 'சம்'மில் சரியாக வந்து நின்றாள். அவளுக்கு இந்த ஆண்டு சந்தா கிடையாது என்று பொருளாளர் அங்கேயே அறிவித்தார்.

டிசம்பரில் கொஞ்சம் சண்டை. இருபத்தைந்து வயதையொட்டி கிஷோரிக்குக் குரல் போய்விட்டது. திரும்பி வந்த பிறகு அம்மாவின் பாணியிலேயே நிற்காமல் ராகத்தின் உணர்ச்சியைத் தேடிப் போனார். முன்பே பெண்டி பஜார் கரானாவின் அஞ்சனிபாய் மால்பேகரிடமும் கற்றிருந்தார். கரானாவைக் கலைத்துவிட்டார் என்று அந்நாளில் பேசியவர்களின் கட்சியை நம் உறுப்பினர் ஒருவர் எடுத்தார். கரானாவை நிறுவிய அல்லாதியா கானுக்கும் குரல் போய், வந்த குரலுக்கேற்பப் பாட்டையே மாற்றிக்கொண்டவர்தானே என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார். வடை ஆறிப்போனது.

மே மாதம் ஒன்பது பேர் கோவா போய் வந்தோம். மோகுபாய் 1904-ல் பிறந்த குர்டி கிராமம் 1980-களில் சாலாவ்லி அணை நீரில் மூழ்கிவிட்டது. கோடையில் நீர் வற்றும் சில வாரங்கள் மட்டும் வெளியே வரும். வெடித்த சேறு, பட்டுப்போன மரங்களின் அடிக்கட்டைகள், செம்பாறாங்கல் அடித்தளங்கள், நடுவே சோமேஸ்வரர் கோயில். அன்று அங்கே வந்திருந்த பழைய ஊர்க்காரர் ஒருவர், முழங்கால் உயரமே மிஞ்சியிருந்த சுவரைக் காட்டி, "மோகுபாய் வீடு" என்றார். ஊர் தண்ணீருக்குள் போனாலும் ஊர்ப்பெயர் குர்டிகர் என்று அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றோம். கல் சுட்டது.

இனி, ஆண்டுவிழாக் கச்சேரி. இதை மறைக்க விரும்பவில்லை.

சிறு வயதில் தம்பூரா போட அம்மாவோடு போன கிஷோரி, கச்சேரி நடத்துகிறவர்கள் அம்மாவை எப்படி நடத்தினார்கள் என்று பார்த்தவர். பின்னாளில் மேடையில் அவர் கறாராக இருந்ததற்கு அதுதான் காரணம். இதை நாமே ஒரு கூட்டம் முழுக்கப் பேசியிருந்தோம். அப்புறம் என்ன செய்தோம்? தன் அம்மாவிடமே கற்ற இளம் பாடகி ஒருவர் டோம்பிவிலியிலிருந்து இரண்டு தம்பூராவோடு வந்தார். ஒப்பனை அறைச் சாவி யாரிடம் என்று தெரியவில்லை. மாடிப்படியில், மடக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுருதி சேர்த்தார். விலம்பித் என்னும் மெதுவான பகுதி நடக்கும்போது காபித் தட்டு வந்தது. டம்ளர்கள் மோதும் சத்தத்தில் அவர் நிறுத்தினார், தம்பூராவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார், தட்டு கடைசி வரிசையைத் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். சன்மான உறையை லிஃப்டில் வைத்துக் கொடுத்தோம். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். அதுதான் இன்னும் உறுத்துகிறது. சாவிக்கும் காபிக்கும் நான்தான் பொறுப்பு. உறைக்குச் செயற்குழு முழுவதும்.

ஆகவே செயற்குழு உங்கள் முன் வைக்கும் தீர்மானம்: கச்சேரி முடியும்வரை அரங்கில் காபி இல்லை. சன்மானம் பாதி முன்கூட்டியே, மீதி மேடை ஏறும் முன். மறுப்பவர்கள் இப்போதே கை தூக்கலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு போன வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. தம்பூரா ஒன்றின் மேருவை (தந்திகளைத் தாங்கும் மேல்கட்டையை) சரிசெய்ய, தம்பூரா செய்யும் ஊரான மீரஜுக்கு அனுப்பியிருக்கிறோம், அந்தச் செலவு இன்னும் கணக்கில் ஏறவில்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் கிளம்பும் முன் அவரைப் பார்த்துவிட்டுப் போகவும்.