பெயிண்டுக்கு முன்னால் பிரேக்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பதை நெருங்கியவர்கள் பலர் பழைய ராலே, ஹம்பர், பிஎஸ்ஏ, ஹெர்குலஸ் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, பெங்களூரு சாலைகளில் மறுபடி மிதிக்கத் தொடங்கியிருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்த வண்டிகளுக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு பெயிண்டுக்கும் குரோமுக்கும் போய்விடுகிறது. பிரேக்கும், பெடல் தண்டை (கிராங்க்கை) அச்சோடு இறுக்கும் ஆப்பான காட்டர் பின்னும் பழையபடியே கிடக்கின்றன. இந்த வரிசை தலைகீழாக வேண்டும்.

முழங்காலில் இருந்து தொடங்குகிறேன். 28 அங்குல வண்டிகள் பலவற்றில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். சமதரைக்கு அது போதும். அல்சூர் ஏரிக்கரையிலிருந்து எம்.ஜி. ரோட்டுக்கு ஏறும்போது, இருபது கிலோ இரும்பும் முழங்கால் மூட்டில்தான் உட்காரும். பின்னால் 22 பல் பிரீவீல் (பின் பல்சக்கரம்) மாட்டினால் அதே சுற்றுக்கு 4.4 மீட்டர்; வேகம் குறையும், மூட்டு பிழைக்கும். செயினில் ஒரு ஜோடிக் கண்ணி கூடுதலாகத் தேவைப்படும். தேய்ந்த செயினோடு ஒட்டுப்போட வேண்டாம். ஓரடி ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். கால்வாசி அங்குலத்தில் பாதி கூடியிருந்தாலே அந்தச் செயின் புதுப் பல்லையும் தின்றுவிடும்.

காலைத் தரையில் ஊன்றிக்கொள்ள வசதி என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பதும் மூட்டு வலிக்கு ஒரு காரணம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்படி வைத்துவிட்டு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடங்கும், அதுதான் அளவு. ஒரு பெடலில் நின்று உந்திக்கொண்டே ஓடும் வண்டியில் காலைத் தூக்கிப் போடும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடலாம். இடுப்பு இறுகிய வயதில் கால் கேரியரில் தட்டும். நின்ற வண்டியைத் தன் பக்கம் சாய்த்துக் காலைப் போட்டுக்கொண்டு, பிறகு கிளம்புவதே நல்லது.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று கேட்டால், முதல் சந்தேகம் காட்டர் பின் மேல்தான் வரவேண்டும். அதைக் கழற்றும்போதுதான் பல வண்டிகள் கெடுகின்றன. அடியில் முட்டு இல்லாமல் சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுதும் உள்ளே இருக்கும் பால்ஸிலும் கப்பிலும் இறங்கிக் குழி விழும். நட்டைப் பின்னின் நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, கிராங்க்குக்கு அடியில் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைத் தரையிலிருந்து நேராக முட்டுக் கொடுத்து, கனமான சுத்தியலால் ஒரே அடி. இங்கிலாந்து வண்டிகளுக்கு 9.5 மி.மீ. பின் வேண்டும்; கடையில் 9 மி.மீ. பின்னும் உண்டு, அது இவற்றில் ஆடும். புதுப் பின்னின் தட்டைப் பக்கத்தை அரத்தால் தேய்த்து, இரண்டு கிராங்க்கும் ஒரே கோட்டில் நிற்கும்படி பொருத்த வேண்டும். இரு பின்களும் எதிரெதிர் திசையில் நுழையும். நட்டை முறுக்கி இழுத்துப் பின்னை உட்கார வைத்தால் மரை அறுந்துவிடும். அடித்து உட்கார வைத்தபின் நட்டு அதைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. 30 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை தட்டி முறுக்குவது கட்டாயம்.

அதிகக் கவனம் கேட்பது, கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுபடும் கம்பி பிரேக். இதில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை. உள்முகத்தில், போக்ஸ் கம்பி இருக்கும் பக்கத்திலிருந்து மேலே இழுபட்டு அழுத்துகிறது. அதனால் போக்ஸை முறுக்கிச் சக்கரக் கோட்டம் எடுக்கும்போது பக்கவாட்டு ஆட்டத்தைச் சரிசெய்தால் மட்டும் போதாது. சக்கரத்தின் மேடு பள்ளமும் போக வேண்டும். மேடு இருந்தால் கட்டை அந்த இடத்தில் மட்டும் கவ்வி விடும். ஃபோர்க்கின் இருபுறமும் கட்டைகளுக்கு வழிகாட்டும் கிளிப்புகள் தளர்ந்திருந்தால், கட்டை போக்ஸுக்குள் போய்ச் சக்கரத்தையே பூட்டிவிடும்; கிளம்பும்முன் கையால் ஆட்டிப் பாருங்கள். செயின் தளர்ந்ததென்று பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்தால் பின்பிரேக்கின் இடைவெளியும் மாறிவிடும். இது பலருக்குத் தோன்றுவதில்லை. செயினைத் தொட்டால் பிரேக்கையும் தொட்டே ஆக வேண்டும். மழையில் நனைந்த குரோம் ரிம்மில் கட்டை வழுக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை நம் ஊரின் மாலை மழையில் சிக்னலுக்கு வெகு முன்பே இலேசாகப் பிடித்து நீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிரேக்கை நம்பி நந்தி மலையிலிருந்து இறங்காதீர்கள்.

பின்சக்கரத்தின் நடுவில், உள்ளேயே மூன்று கியர் கொண்ட ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ ஹப் கிடைத்தால் பாக்கியம். ஹப்பின் மேல் 57 3 என்று பொறித்திருந்தால் அது 1957 மார்ச்சில் செய்தது. ஆனால் கேபிள் சரியாக இல்லாவிட்டால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் பிடிமானமே இருக்காது. எழுந்து நின்று மிதிப்பவரின் பெடல் திடீரென்று காற்றில் சுற்றும். ஹேண்டில்பார் மேல் விழுவார். கேபிள் சரியாகும்வரை உட்கார்ந்தே மிதியுங்கள்.

டயர் வாங்கும்போது '26' என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் மலைச் சைக்கிள் டயரைக் கொடுத்துவிடுவார். 26 x 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மி.மீ., மலைச் சைக்கிளுக்கோ 559. ராலேயின் பெடல் அச்சுக் கப்புகளுக்கு அங்குலத்துக்கு 26 மரை, மற்ற பல வண்டிகளுக்கு 24. மாற்றி முறுக்கினால் ஃபிரேமே கெடும். பெயிண்டைப் பற்றி ஒரே வார்த்தை: பழைய பெயிண்டும் தங்கக் கோடுகளும் ஓரளவு மிஞ்சியிருந்தால் கழுவி மெழுகு போட்டு விடுங்கள். பவுடர் கோட்டிங் அந்தக் கோடுகளை அழிக்கும், மரைகளையும் அடைக்கும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். காட்டர் பின்னை அரத்தால் தேய்த்துப் பொருத்தவும், கம்பி பிரேக்குக்கு ஏற்றபடி கோட்டம் எடுக்கவும், முழு ஓவராயில் செய்யவும் தெரிந்த முதிய தொழிலாளர்கள் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துச் சிறு கடைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு அந்தக் கடைகளைப் பகுதிவாரியாகத் தங்கள் நாளிதழில் வெளியிட்டால், பழைய வண்டி வாங்குபவர்கள் பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன் அங்கே போவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு