பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தளித்த ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வருகை தந்துள்ள உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

விளையாட்டுத் திடல்களில் முதலுதவிப் பணியாற்றும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். நிர்வாகக் குழு விதிப்படி கூடியது. முதலுதவிப் பெட்டிகளில் காலாவதியான பொருள்கள் மாற்றப்பட்டன. கேட்டுக்கொண்ட போட்டிகள் அனைத்திற்கும் தொண்டர்கள் பெயர் குறித்து அனுப்பப்பட்டது. குறிக்கப்பட்டவர்கள் சென்றார்களா என்பது வேறு செய்தி.

இவ்வாண்டு நான் முன்னின்று நடத்தியது, காயமுற்று விழுந்த வீரரின் தலைக்கவசத்தைக் கையாளும் பயிற்சி. தலைக்கவசம் கழற்ற ஓராண்டுப் பயிற்சியா என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடிய ஒருவரின் தலையை அவசரத்தில் அசைத்தால் தண்டுவடம் நசுங்கிக் கைகால் செயலிழக்கலாம் என்பதே அதற்கு என் விடை. அமெரிக்கக் கால்பந்து போன்ற ஆட்டங்களில் தலைக்கவசமும் தோள்கவசமும் சேர்ந்தே, மல்லாந்து கிடப்பவரின் கழுத்தை நேராக வைக்கின்றன. முன்னதை மட்டும் கழற்றினால் தலை பின்னால் சாயும்; பின்னதை மட்டும் கழற்றினால் தாடை மார்பை நோக்கிக் குனியும். எனவே கழற்றினால் இரண்டையும் கழற்ற வேண்டும், விட்டால் இரண்டையும் விட வேண்டும்.

எந்நிலையிலும் மூச்சுக்கு வழி செய்வதே முதற்பணி என்பதால், தலைக்கவசத்தின் முன்புறம் முகத்தைக் காக்கும் முகக்கம்பியை அகற்றும் பயிற்சிக்கே அதிக நேரம் கொடுத்தோம். பேட்டரி ஸ்க்ரூ டிரைவரால் அதன் திருகாணியைக் கழற்றுவதில்தான் வீரரின் தலை குறைவாக அசைகிறது. ஆனால் வியர்வையும் மழையும் பட்டுத் துருவேறிய திருகாணியின் தலை தேய்ந்து கருவி வழுக்கும்போது, முகக்கம்பியைத் தலைக்கவசத்தோடு பிணைக்கும் பிளாஸ்டிக் பிடிப்பை வெட்டும் கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். முகக்கம்பியை எடுக்க முடியாவிட்டாலோ, கவசம் தொளதொளத்துத் தலையைப் பிடித்து வைக்காவிட்டாலோ கவசத்தையே கழற்ற நேரிடும். அப்போது ஒருவர் தாடையிலும் பிடரியிலும் கைகொடுத்துத் தலை அசையாமல் தாங்க, மற்றவர் தாடைப்பட்டையை வெட்டி, கன்னத்திண்டுகளை உருவி, கவசத்தை மெல்ல வெளியே எடுக்க வேண்டும். தாங்குபவர் சொல்லும்வரை மற்றவர் அசைக்கக் கூடாது.

இதைத் தனியொருவர் செய்யவே முடியாது. உறுப்பினர் வருகையைப் பற்றி நான் பேச வேண்டியிருப்பதும் இதனால்தான். 2015இல், விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் வல்லுநர்களின் அமைப்பான அமெரிக்கத் தேசியத் தடகளப் பயிற்றுநர் சங்கம் கூட்டிய குழு, கழுத்துக் காயம் என ஐயுறப்படும் வீரரின் கவசங்களை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் முன்பே கழற்றலாம் என்று பரிந்துரைத்தபோது, அதற்குப் பயிற்சி பெற்றவர் குறைந்தது மூவர் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. நம் அட்டவணையிலும் மூவர் பெயர் இருக்கிறது. திடலில் பெரும்பாலும் ஒருவரே நிற்கிறார்; அவரும் தலையைப் பிடித்தபடி, கருவியை எடுத்துத் தரச் சொல்லிப் பார்வையாளர்களைக் கெஞ்சுகிறார். பயிற்சிக்கு வராமலேயே சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று வினவியோரும் உண்டு. அவர்கள் பெயரை இங்கு வாசிக்க வேண்டாம் எனத் தலைவர் கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன்.

வரவு செலவு ஏறத்தாழச் சமமாக உள்ளதாகப் பொருளாளர் தெரிவித்துள்ளார். விவரம் அவர் அறிக்கையில் காண்க. சந்தா நிலுவை மட்டும் முழுமையாக வந்திருந்தால், பயிற்சிக்கெனப் பழைய தலைக்கவசங்களை இரவல் கேட்டு அலைந்திருக்க வேண்டியதில்லை.

திடல் நிர்வாகிகளுக்கும், இரவல் தந்த அணிகளுக்கும், தவறாமல் வந்த சிலருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. வரும் ஆண்டில் இப்பயிற்சியைத் தொடர்வதும், நான் இப்பொறுப்பில் தொடர்வதும் உறுப்பினர்களின் வருகையைப் பொறுத்தவை. அடுத்த பயிற்சிக்குப் பெயர் தருவதற்கான தாள் மேசைமேல் உள்ளது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் இரசீதுப் புத்தகத்துடன் வாயிலருகே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்