கிளிப் 98 காட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் கிளிப் 95க்கு மேல் காட்டினால் "இரத்தத்தில் ஒட்சிசன் தாராளமாக இருக்கிறது" என்று உங்கள் சுகாதாரப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் மதினி கொழுந்து எடுக்கிறவர். போன வருடம் மேல் மலைக்கு ஏறும்போது இரண்டு நிரைக்கு ஒருதரம் நின்று, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். மருந்தெடுக்கப் போன இடத்தில் கிளிப்பை மாட்டிப் பார்த்து, 98 இருக்கு, ஒன்றுமில்லை, வேலைக்குப் போங்க என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வேறு இடத்தில் இரத்தம் சோதித்தால், இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின் 8. பெண்களுக்கு 12ஆவது இருக்க வேண்டும்.

கிளிப் பொய் சொல்லவில்லை. ஓர் ஈமோகுளோபினில் நான்கு இரும்பு அணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு ஒட்சிசன் மூலக்கூறைப் பிடிக்கும். முதலாவது ஏறுவதுதான் கஷ்டம், அது ஏறியதும் ஈமோகுளோபினின் வடிவமே கொஞ்சம் மாறி மற்றவை சுலபமாக ஏறிக்கொள்ளும், அதனால் நுரையீரலைத் தாண்டும்போது கிட்டத்தட்ட எல்லா இடமும் நிரம்பிவிடுகிறது. கிளிப் பார்ப்பது இந்த நிரம்பலை மட்டும், ஈமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. மூன்று கொழுந்து லொறி வர வேண்டிய நாளில் இரண்டுதான் வந்தது, இரண்டும் நிரம்பித்தான் வந்தது, ஆனால் ஃபெக்டரிக்குக் கொழுந்து குறைவுதானே?

இறக்குகிற விதம் இன்னும் அழகு. ஏற்றம் ஏறும்போது கால் தசை சூடாகிறது, காபனீரொட்சைட்டும் அமிலமும் கூடுகின்றன, உடனே ஈமோகுளோபினின் பிடி தளர்ந்து ஒட்சிசன் அங்கேயே இறங்குகிறது. காபனீரொட்சைட்டு பிடியைத் தளர்த்துவதை 1904இல் காட்டியவர் கிறிஸ்தியன் போர் (அணு மாதிரியுருவுக்குப் பேர்போன நீல்ஸ் போரின் அப்பா). சும்மா இருக்கும்போது ஏற்றிய ஒட்சிசனில் கால்வாசிதான் இறங்கும். இரத்தம் குறைந்தவர்களுக்குச் செங்குழியத்துக்குள் ஒரு பொஸ்பேற்றுப் பொருள் கூடி அந்தப் பிடியை இன்னும் தளர்த்திக் கொடுக்கும். அதனால்தான் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசும்போது மதினி நன்றாக இருந்தார், ஏற்றத்தில்தான் மாட்டிக்கொண்டார். சரி, ஆளை உட்கார வைத்துக் கிளிப் மாட்டினால் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

"மலை உயரம், காற்று குறைவு, அதுதான்" என்று சொன்னவர்களும் உண்டு. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலேயே, நல்ல இரத்தம் உள்ளவருக்கு அந்த இலக்கம் கொஞ்சம்தான் குறையும்.

அந்த வரியைத் தயவுசெய்து திருத்திப் போடுங்கள். களைப்பு, மூச்சு வாங்கல் என்று வருகிறவர்களுக்கு இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லி எழுதுங்கள். அப்புறம் இன்னொன்று, இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்க வேண்டாம், தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது, ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்க வேண்டும் என்றும் சேர்த்துப் போடுங்கள். மதினி இரண்டு மாதம் அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தார், விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாசகி,
தலவாக்கலை