பஸ்ரூரில் இறங்கிய நாட்

பெரம்பூர்,
ஞாயிறு மாலை

அன்பு நண்பா,

தங்கச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல், அடுப்படிப் பக்கம் கொஞ்ச நாள் போகவிடாதே. இங்கே எல்லோரும் நலம். பேரன் எட்டாவது போய்விட்டான். சின்னவள் பெங்களூருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வீடு கொஞ்சம் அமைதியாகிவிட்டது.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பிளாஸ்டிக் மாடல் செய்கிறேன். இப்போது மேசைமேல் இருப்பது நீ விமானப்படையில் கைவைத்து வேலை பார்த்த அதே நாட் போர் விமானம். தாம்பரத்தில் பயிற்சி முடித்துவிட்டு வந்த முதல் விடுமுறையில், "தரையில் நின்றபடியே காக்பிட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம்டா, அவ்வளவு சின்னது" என்று கையை உயர்த்திக் காட்டினாயே, அது எனக்கு மறக்கவே இல்லை.

சின்னதுதான். நீளம் சுமார் 8.7 மீட்டர், இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 6.7 மீட்டர். எதிரில் வந்த பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் நீளம், அகலம் இரண்டிலும் 11 மீட்டருக்கு மேல். நான் செய்வது 1/72 அளவு என்பதால் மொத்த விமானமும் 12 சென்டிமீட்டர்தான் வரும், உள்ளங்கையில் அடங்கிவிடும். இதை வடிவமைத்த பெட்டர் என்ற ஆங்கிலேயர்தான் கான்பெரா குண்டுவீச்சு விமானத்தையும் வடிவமைத்தவர். போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் கனமாகிக்கொண்டே போவது அவருக்குப் பிடிக்கவில்லை. சின்னதாக, லேசாக, குறைந்த செலவில் ஒன்று செய்ய முடியும் என்று ஃபாலண்ட் கம்பெனியில் இருந்து செய்து காட்டினார். 1955-இல் அது முதன்முதலாகப் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படை ஒற்றை இருக்கை நாட் விமானத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. நாம் எடுத்தோம், 1956-இல் உரிமம் வாங்கி பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் கட்டினோம். பெட்டர் அப்புறம் விமானத் தொழிலையே விட்டுவிட்டு, சுவிட்சர்லாந்தில் ஒரு மதக் குழுவோடு போய் வாழ்ந்தார். அந்த மனிதரைப் பற்றி ஒருநாள் உன்னோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

மாடல் செய்கிறவனுக்கு இதில் முதல் சிக்கல் கிட்டிலேயே, அதாவது பாகங்கள் அடங்கிய பெட்டியிலேயே வருகிறது. கடையில் எளிதாகக் கிடைப்பது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம், ரெட் ஏரோஸ் என்ற பிரிட்டிஷ் சாகசக் குழுவின் சிவப்பில். இறக்கை பெரிது, உடல் நீளம். முன்பக்கத்தை வெட்டி ஒட்டி அதை நம்முடையதாக மாற்றிவிடலாம் என்பது நடக்காது. ஒற்றை இருக்கைக்குக் குறைந்த எண்ணிக்கையில் வார்க்கிற கிட்டைத் தேடித்தான் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட கிட்களில் பாகங்களைப் பொருத்த முளை இருக்காது, ஓரங்கள் தடிமனாக இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துத்தான் சேர்க்கணும். லேத்தில் நின்று பழகிய கைக்கு அது வேலையாகவே தெரியவில்லை.

எந்த நாட் என்பதை முதலில் முடிவு செய்யணும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பொதுவாக "ஒரு நாட்" என்று செய்ய உட்கார்ந்தால் எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காது. எண் என்ன, பெயிண்ட் எப்படி, சக்கரம் இறங்கியிருக்கிறதா, விமானி தலைக்குமேல் மூடுகிற கண்ணாடிக் கேனபி திறந்திருக்கிறதா, எங்கே அழுக்கு என்று கேட்டுக்கொண்டே போகலாம். ஒரே ஒரு விமானத்தை, ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த நாளே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும்.

வீட்டில் எல்லோரும் விமானி சேகோனுடைய விமானத்தைச் செய்யச் சொன்னார்கள். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர், 18-வது ஸ்க்வாட்ரன். ஆறு சேபர்கள் தளத்தைத் தாக்கிக்கொண்டிருக்கும்போது மேலே ஏறிப் போனவர். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா அவருடையது. மலையில் விழுந்த அந்த விமானத்தை, உடல்கூடக் கிடைக்காத ஒரு பையனின் விமானத்தை, அலமாரியில் வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நான் எடுத்துக்கொண்டது ஐ.இ.1083 என்ற எண்ணுள்ள விமானம். நாள், பாகிஸ்தான் போரில் 1965 செப்டம்பர் 3.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். காஷ்மீர் பக்கம் சாம்ப் பகுதியில் நம்முடைய மிஸ்டேர் போர் விமானங்களை உயரத்தில் தூண்டில் இரையாகப் பறக்கவிட்டு, 23-வது ஸ்க்வாட்ரனின் நாட் விமானங்கள் தாழப் பறந்து போய் மேலே எழும்பின. டிரெவர் கீலர் ஒரு சேபரைச் சுட்டார், வீர் சக்ரா கிடைத்தது. அடிபட்ட அந்த சேபர் தளத்துக்குத் திரும்பிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பு. அதே கூட்டத்தில் ஐ.இ.1083-இல் போன சிகந்த் தனியாகப் பிரிந்து, பாகிஸ்தானில் சியால்கோட் பக்கம் பஸ்ரூரில் இருந்த பழைய ஓடுதளத்தில் இறங்கிவிட்டார். தங்களுடைய ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் மடக்கி இறக்கியது என்று அவர்கள் சொல்கிறார்கள். கருவிகள் கைவிட்டன, நம்முடைய தளம் என்று நினைத்து இறங்கினார் என்று நம் பக்கம் சொல்கிறார்கள். சிகந்த் போர்க்கைதியானார். விமானம் இன்றும் கராச்சியில் பாகிஸ்தான் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

"பிடிபட்டதையா செய்கிறாய்?" என்று நீ கேட்பாய் என்று தெரியும். ஆமாம், அதைத்தான். போருக்குப் போன விமானம் முழுசாக, ஒரு கீறல் விழாமல், இரண்டு பக்கத்துக்காரர்களும் பார்க்கும்படி நிற்பது அபூர்வம். அதன் விமானியும் உயிரோடு ஊர் திரும்பினார். ஒரு போரில் இவ்வளவு நல்லதாக எத்தனை விஷயம் முடிகிறது, சொல். பஸ்ரூர் ஓடுதளத்தில் எஞ்சின் அணைந்து, கேனபி திறந்து, இருக்கை காலியாக நின்ற அந்த வேளையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அந்த நாளை வைத்தே எல்லாம் தீர்மானமானது. பச்சை, பழுப்புப் பூச்சு கிடையாது, வெறும் அலுமினியம். வெற்று உலோகம்தான் மாடலில் ரொம்பக் கஷ்டமான பூச்சு. அடியில் பளபளக்கிற கறுப்பு பிரைமர் போட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு, ஏர்பிரஷ்ஷில் மிக மெல்லிய படலமாக உலோக நிறம் அடிக்கணும். அடியில் ஒரு தூசு இருந்தாலும் மேலே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சில தகடுகளை மட்டும் மறைத்து ஒரு சாயல் கூட்டி, ஒரு சாயல் குறைத்து அடித்தேன். பின்னால் புகைபோக்கியைச் சுற்றி மட்டும் சூடு பட்ட பழுப்பு, லேசான நீலம். வேறெங்கும் அழுக்கு வைக்கவில்லை. பராமரிப்பு உன் மாதிரி ஆட்கள் கையில் இருந்த விமானம் அது.

இப்போது மாடல் செய்கிற பலர் தகட்டுக் கோடுகளில் எல்லாம் கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த பெயிண்ட், ஊற்றிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவே இல்லை. 1/72-இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 7.2 சென்டிமீட்டர். கால் மில்லிமீட்டர் கோடு என்றால் விமானத்தில் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் பிளவு. அப்படி ஒரு விமானத்தைப் பறக்க அனுப்புவாயா நீ? கோடுகளை ஊசி முனையால் லேசாக மட்டும் கீறி, சாம்பல் நிறம் கொஞ்சமாகத் தடவி, பாதிக்கு மேல் துடைத்துவிட்டேன். இறக்கையின் பின்னோரத்தை உள்பக்கத்திலிருந்து தேய்த்து, காகிதம் போல ஆக்கினேன். பெயிண்டில் செய்கிற எந்த வித்தையையும்விட, மாடலை நிஜமாகக் காட்டுவது அந்த ஓரம்தான்.

பீரங்கி வேலை உனக்குப் பிடிக்கும். காற்று உள்ளே போகிற வாயின் பக்கச் சுவரில் பக்கத்துக்கு ஒரு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி. 30-ஐ 72-ஆல் வகுத்தால் 0.42 மில்லிமீட்டர். 22 கேஜ் இன்ஜெக்‌ஷன் ஊசியின் உள்துளை ஏறக்குறைய அவ்வளவுதான்! மருந்துக்கடையில் வாங்கி, முனையைத் தட்டையாகத் தேய்த்து, உள்ளே செருகிவிட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நிஜத் துளை தெரிகிறது. அன்றைக்கு இந்த பீரங்கிகள் சுடச் சுட அடைத்துக்கொண்டு எத்தனை விமானிகளைத் தவிக்கவிட்டிருக்கின்றன என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ஆபத்தில் விமானியை வெளியே எறிகிற இருக்கையில்தான் அதிக நாள் போனது. தனியாக விற்கிற ரெசின் இருக்கைகளில் பெரும்பாலானவை மார்ட்டின்-பேக்கர் கம்பெனியின் வகை. நாட் விமானத்தில் இருந்தது அது இல்லை. ஸ்வீடனின் சாப் கம்பெனி வடிவமைப்பை வைத்து ஃபாலண்ட் கம்பெனியே செய்த லேசான இருக்கை. அதனால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வெட்டி நானே கட்டினேன். பட்டைகளுக்கு ஈயத் தாள். கேனபிக்கு உள்ளே தட்டையான குண்டு துளைக்காத கண்ணாடி தனியாக நிற்குமே, அதையும் வெட்டி வைத்தேன். அது இல்லாவிட்டால் நாட் விமானத்தின் முகமே வராது.

சக்கரக் கதவுகளைச் செய்யும்போது பெட்டரை நினைத்து வியந்தேன். தனியாக ஏர்பிரேக் வைத்தால் எடை கூடும் என்று சக்கரக் கதவுகளையே பாதி இறக்கி வேகம் குறைக்க வைத்திருக்கிறார். ஒரே பாகத்துக்கு இரண்டு வேலை. முப்பது வருஷம் பட்டறையில் இருந்தவனுக்கு அதைவிட அழகான டிசைன் வேறென்ன வேண்டும்? இறக்கை இரண்டும் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால், அட்டையில் கோணம் வெட்டி, அதன்மேல் தாங்கி வைத்து ஒட்டினேன். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் ஏறினாலும் பார்க்கிறவன் கண்ணில் குத்தும். பின்பாரம் இழுத்து வாலில் உட்கார்ந்துவிடாமல் இருக்க, மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டுகளை நசுக்கி அடைத்திருக்கிறேன்.

மீதி இருப்பது டீக்கல் என்கிற ஒட்டுப்படம்தான். விமானப்படையின் மூவர்ண வட்டத்தில் உள்ள காவி நிறம் உலோகத்தின்மேல் மங்கிவிடும், அதனால் முதலில் வெள்ளை வட்டம் ஒன்றை ஒட்டி, அதன்மேல் ஒட்டப் போகிறேன். அது முடிந்ததும் பக்கத்தில் வைக்க அதே அளவில் பாகிஸ்தான் சேபர் ஒன்று செய்யணும், இறக்கையடியில் சைட்வைண்டர் ஏவுகணையோடு. நம் பையன்கள் ஏவுகணை இல்லாமல் எதன் எதிரே போனார்கள் என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் பேரனுக்குப் புரியும்.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. விமானம் தரையில் நிற்கும்போது நீங்கள் சுற்றிலும் என்னென்ன வைத்திருப்பீர்கள்? சக்கரக் கட்டை, வாய்க்கு மூடி, சிவப்புத் துணிப்பட்டை, எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. பஸ்ரூர் விமானத்துக்கு அதெல்லாம் வேண்டாம், ஆனால் அடுத்து ஆதம்பூரிலோ பதான்கோட்டிலோ நிற்கிற ஒன்றை உனக்காகச் செய்யலாம் என்றிருக்கிறேன். அதன் எண்ணையும் நீயே சொல், நீ வேலை பார்த்த விமானத்தின் எண்ணாக இருக்கட்டும். அளவு தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, வரை. தங்கச்சிக்குக் கண் தேறியதும் இரண்டு பேரும் பொங்கலுக்கு இங்கேயே வந்துவிடுங்கள். டிக்கெட் எப்போது போடுவது என்று முன்கூட்டியே எழுது, சென்ட்ரலுக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்