எங்கள் சபையின் கோடைக்காலம்: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான பெரியப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு "அப்புறம் பேசுறேன் பெரியப்பா" என்று மழுப்பிவிட்டேன். "உங்க சபையில பொம்பளைக்குப் பொம்பளை கல்யாணம் பண்ணி வைக்காங்களாமே, நீ இன்னும் அங்கதான் போறியா?" இதுதானே கேள்வி? நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இரண்டு மூன்று பேர் இதையே சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டார்கள். ஆளாளுக்குத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

பதில் ஒரு வரியில் வராது. கோடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் சபையில் பெரிய பேச்சுகள் எல்லாம் கோடையில்தான் கிளம்பும்.

நாங்கள் இருப்பது பிட்ஸ்பர்குக்குத் தெற்கே ஒரு சின்ன டவுன். இந்தப் பக்கம் முழுக்க ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்காரர்கள் வந்து குடியேறிய இடம். தெருவுக்கு ஒரு பிரஸ்பிட்டேரியன் கோயில் (புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவு, எங்கள் சபையும் அதுதான்) இருக்கும், மெய்ஞ்ஞானபுரத்தைச் சுற்றி நம் கோயில்கள் இருப்பதுபோல. எங்களுடையது கருங்கல் கட்டடம், ஏசி கிடையாது. ஜூன் முதல் ஞாயிறிலிருந்து இரண்டு ஆராதனையும் ஒன்றாகி காலை ஒன்பதரைக்கு நடக்கும். கொயருக்கு செப்டம்பர் வரை லீவு. பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தோடு அட்டை விசிறியும் செருகி வைத்திருப்பார்கள். விசிறியின் பின்பக்கத்தில் சவ அடக்கம் செய்து கொடுக்கும் கடையின் விளம்பரம் இருக்கும். பிரசங்கம் நீண்டால் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

ஜூலையில் போதகர் விடுமுறையில் போய்விடுவார். ரிட்டயர் ஆன போதகர்கள் வாரம் ஒருவராக வந்து பிரசங்கம் பண்ணுவார்கள். ஆராதனை முடிந்ததும் காபிக்குப் பதில் புல்வெளியில் மேஜை போட்டு எலுமிச்சை ஜூஸ். ஆகஸ்ட் ஆகிவிட்டால் வாசல் மண்டபத்தில் இன்னொரு மேஜை முளைக்கும்: வீட்டுத் தோட்டத்தில் காய்த்துத் தள்ளிய ஜுக்கினி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். நம் ஊர்ச் சுரைக்காய்க்குத் தம்பி அது. எடுக்க ஆள் இருக்காது, கொண்டுவர மட்டும் ஆள் இருக்கும். காரைப் பூட்டாமல் நிறுத்தினால் பின்சீட்டில் நாலு ஜுக்கினி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று இங்கே ஒரு கேலி உண்டு. எனக்கு இரண்டு தடவை நிஜமாகவே நடந்திருக்கிறது.

ஜூன் மூன்றாவது வாரம் வி.பி.எஸ்., பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. இந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் எனக்கு இந்தச் சபை முதன்முதலாக ஊர்ப்பக்கமாகத் தெரிந்தது. மே வெயிலில் பெரியம்மா எங்களை வரிசையில் நிறுத்திக் கை ஆட்டிப் பாடவைத்த அதே வி.பி.எஸ்.! வண்ணக் காகிதம், பசை, கடைசி நாள் பெற்றோர் முன்னால் நிகழ்ச்சி, எல்லாம் அப்படியே. ரஸ்னாவுக்குப் பதில் பிஸ்கட்டும் ஆப்பிள் ஜூஸும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகஸ்டில் பார்க்கில் பிக்னிக் நடக்கும். நம் கோயிலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனம், ஆனால் அண்டா இல்லாமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவருவார்கள். உங்கள் மருமகளின் எலுமிச்சைச் சாதம் பத்து நிமிஷத்தில் காலி.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

எங்களுக்குப் பேராயர் கிடையாது. அந்தந்த சபையில் மூப்பர்கள், அதாவது சபையார் தேர்ந்தெடுத்த நிர்வாகிகள், கூடுகிற செஷன், நம் சேகரக் கமிட்டி மாதிரி. அதற்கு மேலே பல சபைகள் சேர்ந்த பிரஸ்பிட்டரி. நம் ஊரில் பேராயர் செய்கிற வேலையில் பாதியை இங்கே இந்தக் கூட்டம்தான் செய்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஜெனரல் அசெம்பிளி. முன்பு வருஷாவருஷம் கூடியது, 2004-க்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில். போகிறவர்களில் பாதிப் பேர் போதகர்கள், பாதிப் பேர் சாதாரண மூப்பர்கள். இன்னபடி ஓட்டுப் போடு என்று அவர்களுக்கு யாரும் கட்டளையிட முடியாது, அவரவர் மனசாட்சிப்படிதான். வேதாகமத்துக்குப் பிறகு இவர்கள் அதிகம் புரட்டுவது சபைச் சட்டப் புத்தகத்தைத்தான்.

2012-ல் அந்த அசெம்பிளி பிட்ஸ்பர்கிலேயே நடந்தது. நான் அப்போது சபையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வாலண்டியர் தேவை என்றதும் பேர் கொடுத்துவிட்டேன். அலெகெனி ஆற்றங்கரையில் பெரிய மாநாட்டுக் கட்டடம். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஏசியில் பல் கிட்டுகிறது. வழி காட்டுவதும் தண்ணீர் வைப்பதும் என் வேலை. மீதி நேரம் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். இஸ்ரேல் ஆக்கிரமித்த பகுதிகளில் வியாபாரம் செய்யும் 3 கம்பெனிகளிலிருந்து சபையின் முதலீட்டை எடுப்பதா என்று ஓட்டு. எடுக்க வேண்டாம் என்று 333, எடுக்கவேண்டும் என்று 331. இரண்டே ஓட்டு! மறுநாள் திருமண விளக்கத்தில் 'ஓர் ஆணும் ஒரு பெண்ணும்' என்பதை 'இரண்டு பேர்' என்று மாற்றுவதா என்று ஓட்டு: மாற்ற வேண்டாம் 338, மாற்றலாம் 308.

எனக்கு ஆச்சரியம் எண்ணிக்கையில் இல்லை. மைக் முன்னால் இரண்டு வரிசையும் அமைதியாக நிற்கிறது. ஒருவர் ஆதரித்துப் பேசினால் அடுத்தவர் எதிர்த்துப் பேசுகிறார். நேரம் முடிந்ததும் பாதி வாக்கியத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இளைஞர் பிரதிநிதிகள் முதலில் ஆலோசனை ஓட்டுப் போடுகிறார்கள், அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். நம் ஊர்ச் சபைத் தேர்தலில் நாற்காலி பறந்ததையும், தோற்ற அணி மறுநாளே வக்கீல் வீட்டுக்குப் போனதையும் சின்ன வயதில் பார்த்தவன் நான். நீங்கள் அந்த வருஷம் செயலாளர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக இவர்களைப் புனிதர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டாணிப் பருப்பை இங்கே 'ஸ்பிளிட் பீஸ்' என்பார்கள், பிளந்த பட்டாணி. பிரஸ்பிட்டேரியனின் முதல் எழுத்தும் 'பீ' என்பதால் இவர்களுக்கு அதுவே பட்டப்பெயர். 1837-ல் பழைய பள்ளி, புதிய பள்ளி என்று இரண்டு கொள்கை அணிகளாகப் பிளந்தார்கள். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்ததும் தெற்கத்திக்காரர்கள் தனியே போனார்கள். வடக்கும் தெற்கும் மறுபடி ஒட்டியது எப்போது தெரியுமா? 1983-ல்! 122 வருஷம். நடுவில் 1936-லும் 1973-லும் கொஞ்சம் பேர் தனிச் சபை கண்டார்கள். 2012-லும் ஒன்று புதிதாகக் கிளம்பியது. 1983-ல் சுமார் 31 லட்சம் அங்கத்தினர் இருந்த சபையில் இப்போது 11 லட்சத்துக்கும் குறைவு. அதற்கு இந்தச் சண்டைதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் சபையில் சண்டை போட்டுப் போனவர்களைவிட அடக்கம் பண்ணப்பட்டவர்கள்தான் அதிகம், அவர்கள் பிள்ளைகள் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை.

"நம்ம சபையில இந்தத் தகராறெல்லாம் கிடையாது" என்றும் சொன்னீர்கள். பெரியப்பா, நம் சி.எஸ்.ஐ.யின் (தென்னிந்தியத் திருச்சபை) ரத்தத்திலும் பிரஸ்பிட்டேரியன் ஓடுகிறது. 1908-ல் பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் சேர்ந்து ஒன்றானதும், அதோடு ஆங்கிலிக்கனும் மெதடிஸ்டும் சேர்ந்ததும்தானே 1947-ல் சி.எஸ்.ஐ. ஆனது? 1919-ல் தரங்கம்பாடியில் ஆரம்பித்த பேச்சு அது. 28 வருஷம் இழுத்தது. பேராயர் வேண்டும், வேண்டாம் என்பதுதான் பெரிய முட்டுக்கட்டை. அந்தத் தரங்கம்பாடிக் கூட்டத்தில் முன்னே நின்ற நம் வெள்ளாளன்விளை அசரியா பேராயர், ஒன்றிப்பைப் பார்க்காமலே 1945-ல் கண்மூடினார். தகராறு கிடையாது என்றால், நமக்கு முந்தின தலைமுறை பேசிப் பேசித் தீர்த்துவைத்துவிட்டுப் போனது என்று அர்த்தம்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயம். 2014-ல் டெட்ராய்ட் அசெம்பிளியில் திருமண விளக்கம் மறுபடி வந்தது. இந்தத் தடவை மாற்றலாம் என்று 429, வேண்டாம் என்று 175. அசெம்பிளி சொன்னால் மட்டும் போதாது, நாடு முழுவதும் உள்ள பிரஸ்பிட்டரிகளில் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். 2015 மார்ச்சில் அதுவும் ஆனது, ஜூன் 21 முதல் சட்டம். திருமணம் என்பது இரண்டு பேருக்கு இடையில், 'மரபாக ஓர் ஆணும் ஒரு பெண்ணும்' என்று எழுதினார்கள். அந்த 'மரபாக' என்ற ஒரு சொல்லில் இரண்டு பக்கத்துக்காரர்களையும் உட்கார வைக்கப் பார்த்தார்கள். கூடவே இன்னொன்று: எந்தப் போதகரையும் நடத்தி வைக்கக் கட்டாயப்படுத்த முடியாது, எந்த செஷனையும் கோயிலைக் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆக, பந்து எங்கள் பக்கம் வந்தது. அந்த வருஷம் நான் மூப்பர்.

எங்கள் சபையிலேயே வருஷக்கணக்காக வருகிற இரண்டு பெண்கள் கோயிலில் திருமணம் செய்துகொள்ள விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பேஸ்மென்டில், 12 மூப்பர்கள். மின்விசிறி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பும்போதெல்லாம் காகிதம் பறக்கும், ஆளாளுக்குக் கையை வைத்து அமுக்கிக்கொண்டோம். ஜெபம், விவாதம், மறுபடி ஜெபம், பிறகு சீட்டு. எழுபது தாண்டிய ஒரு அம்மா எதிர்த்துப் பேசினார். குரல் உயரவில்லை. வேதவசனம் சொன்னார், தன் தாயார் இதே பேஸ்மென்டில் பாடம் எடுத்ததைச் சொன்னார், உட்கார்ந்தார்.

செயலாளர் சீட்டுகளை எண்ணினார். சரி என்று 6, வேண்டாம் என்று 5, வெற்றுச்சீட்டு 1.

அந்த வெற்றுச்சீட்டு என்னுடையது, பெரியப்பா. இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. எனக்கு அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. அந்த இருவரும் என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பத்து நாள் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள். சரி என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். உங்கள் முகம் வந்தது. வேண்டாம் என்று எழுதலாம் என்றால் அந்தச் சாப்பாட்டு டப்பாக்கள் வந்தன. அப்படியே மடித்துப் போட்டேன்.

வெறும் தாளில் கையெழுத்து ஏது, யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன். கார் நிறுத்துமிடத்தில் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து, "அது நீதானே?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு எதிராகவாவது போட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

செப்டம்பரில் கல்யாணம். பிட்ஸ்பர்க் பக்கத்துக் கல்யாணம் என்றால் குக்கி மேஜை இல்லாமல் நடக்காது. சொந்தக்காரப் பெண்களும் சபைப் பெண்களும் சுட்டுக் கொண்டுவந்து பத்துப் பதினைந்து வகை அடுக்குவார்கள், நம் வீட்டு விசேஷத்துக்கு முறுக்கும் அதிரசமும் சுடுவதுபோல. அந்த வாரம் சமையலறை முறை அந்த அம்மாவுடையது. வேறு யாரையாவது மாற்றிவிடச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. காலையில் வந்து பஞ்ச் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார். ஆர்கன் ஆரம்பிக்கும் முன்னால் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டார். குக்கி எதுவும் கொண்டுவரவில்லை.

அவருடைய தம்பி குடும்பம் அந்த மாதமே வேறு சபைக்குப் போய்விட்டது. இடது பக்கம் நாலாவது பெஞ்ச் இன்னும் காலிதான், புதிதாக வருகிறவர்கள்கூட ஏனோ அதில் உட்காருவதில்லை. இந்த அம்மா போகவில்லை. நான் கேட்டதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை ஜூஸ் ஊற்றுவது இப்போதும் அவர்தான். எனக்குச் சர்க்கரை வியாதி என்பதால் தனியாக ஒரு ஜாடியில் இனிப்பில்லாமல் கொண்டுவருகிறார்.

நீங்கள் கேட்டதற்கு: ஆமாம், இன்னும் அங்கேதான் போகிறேன். இன்று அந்த ஓட்டு வந்தால் சரி என்று எழுதுவேன். உங்களுக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். போனில் இதைச் சொல்லத்தான் பயந்தேன்.

இன்னொரு உதவி. இந்த வருஷ வி.பி.எஸ்.ஸுக்கு அந்த இருவரில் ஒருவர்தான் பொறுப்பு. பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்ப் பாட்டுச் சொல்லிக்கொடு என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா கை ஆட்டிச் சொல்லித்தருவாரே, மீன் பிடிக்கிற பாட்டு, அதில் முதல் சரணத்துக்கு மேல் எனக்கு ஓடவில்லை. பெரியம்மாவைப் பாடச் சொல்லி வாய்ஸ் மெசேஜில் அனுப்புங்கள். கை அசைவு மறந்துபோச்சு, வீடியோ என்றால் இன்னும் நல்லது. ஜூன் 10-க்குள் கிடைத்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் மகன்