கூட்டம் சேர்ந்த பிறகுதான் அழுக வைக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணவாய் மீனின் உடலுக்குள் தங்கி ஒளிவிடும் கடல் பாக்டீரியாவைப் பற்றியும், இவ்வகை பாக்டீரியா கூட்டம் பெருகிய பிறகே ஒளிவிடுகிறது என்று நீல்சன், ஹேஸ்டிங்ஸ் என்ற விஞ்ஞானிகளின் குழு 1970-இல் கண்டதைப் பற்றியும் பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் கட்டுரை கடலோடு நின்றுவிட்டது. மண்ணுக்குள் நடக்கும் பேச்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேத்தி பாலாடா பக்கம் உருளையும் கேரட்டும் போடுகிற எங்களுக்கு வேண்டியது அதுதான்.

கிழங்கு அழுகலையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை விடாமல் பெய்து பாத்தியில் தண்ணீர் நின்றுவிட்டால், தோண்டி எடுக்கும்போது தோல் நன்றாகத்தான் இருக்கும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உள்ளே கூழ். அந்த நாற்றம் சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. இந்த வேலையைச் செய்வது பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியா. நல்ல கிழங்கின் மேலும் அது கொஞ்சம் இருக்கும், ஒன்றும் செய்யாது. ஆனால் ஒவ்வொன்றும் ஹோமோசெரின் லாக்டோன் என்ற வகையைச் சேர்ந்த ஒரு சிறு மூலக்கூறைக் கசியவிட்டபடியே இருக்கும். எண்ணிக்கை பெருகப் பெருகச் சுற்றிலும் அதன் செறிவு கூடும். கிராம சபையில் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேர்ந்த மாதிரி, ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே நேரத்தில் செடியின் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளை வெளியே விடும். நாலைந்து மட்டும் அவசரப்பட்டு விட்டால், உடைந்த செல்சுவரின் துணுக்குகளே செடிக்கு எச்சரிக்கையாகிவிடும். அது தற்காப்பில் இறங்கிவிடும். அதனால்தான் கூட்டம் சேரும்வரை அடங்கிக் கிடக்கின்றன. நின்ற தண்ணீரில் காற்றில்லாமல் கிழங்கு தளரும், தோலில் உள்ள துளைகள் திறந்துகொள்ளும், இவை உள்ளே போய்ப் பெருக இடம் கிடைக்கும். மருந்து வாங்குவதற்கு முன் வடிகாலைப் பாருங்கள் என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வாடல் நோயும் அப்படித்தான். நீலகிரியிலும் பழனி மலையிலும் உருளையை இன்றும் விடாத நோய் இது. உச்சி வெயிலில் இலை பச்சையாகவே தொங்கும், சாயங்காலம் நிமிரும். பிறகு ஒரு நாள் நிமிராது. அந்தச் செடியின் தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் முனை மட்டும் நனையும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை ஒன்று நேராகக் கீழே இறங்கும். ரால்ஸ்டோனியா பாக்டீரியாவும் அதன் பிசினும்தான் அந்த இழை. செடிக்குள் நீர் ஏறும் குழாயை அடைப்பது அந்தப் பிசின். அதையும் அது கூட்டம் திரண்ட பிறகே தாராளமாகச் சுரக்கிறது. இதன் சமிக்ஞை வேறு. கொழுப்பு அமிலம் ஒன்றிலிருந்து வருவது. ஆக எல்லா பாக்டீரியாவும் ஒரே மொழி பேசுவதில்லை.

கட்டுரையில் ஓரிடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பாக்டீரியாக்களின் ஒற்றுமை மனிதர்களுக்குப் பாடம் என்று எழுதியிருந்தார்கள். மண்ணில் வாழும் மிக்ஸோகாக்கஸ் என்ற பாக்டீரியா, இரை தீர்ந்துபோனால் ஏறக்குறைய ஒரு லட்சம் செல்களாகத் திரண்டு சிறு மேடாகக் குவியும். அதில் பெரும்பாலானவை செத்துப்போக, மிச்சம் பஞ்சத்தைத் தாங்கும் விதைத்துகளாகி (ஸ்போர்) தப்பிக்கும். இதே கூட்டத்தில், தன் பங்கைச் செய்யாமல் மற்றவற்றின் உழைப்பில் விதைத்துகளாகும் ஏமாற்றுக்கார வகைகளும் உண்டு என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவற்றுக்குத் தியாகமும் இல்லை, துரோகமும் இல்லை, பிழைப்புதான். நாம் அங்கே நீதி தேட வேண்டாம், நடப்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

தெரிந்துகொண்டால் என்ன பயன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2000-இல் சிங்கப்பூரில் ஒரு குழுவினர், மண்ணில் வாழும் பேசில்லஸ் வகை பாக்டீரியா ஒன்றிடம், கிழங்கு அழுகலில் நான் சொன்ன அந்த லாக்டோன் சமிக்ஞையை உடைக்கும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு அதன் மரபணுவை உருளைச் செடியில் வைத்தபோது அழுகல் வெகுவாகக் குறைந்தது. பாக்டீரியாவைக் கொல்லவில்லை, செய்தி போய்ச் சேராமல் தடுத்தார்கள், அவ்வளவுதான். மரபணு மாற்றிய கிழங்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பேசில்லஸ் எங்கள் மண்ணிலும் இருக்கிறது. மட்கிய எரு போட்டு மண்ணை உயிரோடு வைத்திருந்தால் அதுவும் வாழும்.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். தங்கள் வேளாண் பக்கத்தில் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்று எழுதும்போதெல்லாம் அதை ஒரு மருந்து போலவே எழுதுகிறீர்கள். அது மருந்தல்ல, பயிரைக் காக்கும் பாக்டீரியாக்களின் உயிருள்ள கூட்டம். நோய்க்கிருமியை எதிர்க்கும் பொருள்களை அதுவும் எண்ணிக்கை சேர்ந்தால்தான் நன்றாகச் சுரக்கும். ஹெக்டேருக்கு இரண்டரை கிலோவை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து போடச் சொல்வது, வேரடியில் அது பெருகிக்கொள்ளத்தான். எங்கள் பக்கத்தில் நடப்பது என்ன? வெயில் அடிக்கும் கண்ணாடி அலமாரியில் கிடந்த, காலாவதியான பாக்கெட்டை ஒரு கடைக்காரர் என்னிடமே நீட்டினார். வாங்கிப்போனவர்கள் அதைக் காய்ந்த மண்ணில் நண்பகலில் தூவுகிறார்கள். மறுநாளே தாமிர மருந்தை ஊற்றுகிறார்கள். அப்புறம் பலன் இல்லை என்று திட்டுகிறார்கள். செத்துப்போன கூட்டம் என்ன செய்யும்?

பீன்ஸ், பட்டாணி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை எழுதலாம். வேர் ஒரு பொருளைக் கசியவிட, ரைசோபியம் என்ற மண் பாக்டீரியா பதிலுக்கு வேறொன்றை அனுப்ப, அதன் பிறகுதான் வேர்முடிச்சு உருவாகும். முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். எங்கள் புளித்த (அமிலத்தன்மையுள்ள) மலைமண்ணில் சுண்ணாம்பு போடாவிட்டால் முடிச்சே சரியாகப் பிடிக்காது.

ஆகவே கார்போக விதைப்புக்கு முன் தங்கள் மலை மாவட்டப் பதிப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகளிடம் கேட்டு எழுதுங்கள். அந்த டம்ளர் சோதனையைப் படத்தோடு போடுங்கள். எந்த மருந்துக்கும் சூடோமோனாஸுக்கும் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பதைக் கட்டம் கட்டிப் போடுங்கள். வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
மலைக்காய்கறி விவசாயி ஒருவர்,
கேத்தி பாலாடா, நீலகிரி.